வலது கையில் பாருங்கள்

வல்லம் வடகால்
6.7.2023

மாரிசெல்வியின் அம்மா செல்லம்மாளுக்கு, அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மரகதம் எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அங்கே மாரி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அவள் நம்பரும் உங்கள் நம்பரும் பத்து நாளாகப் போகவில்லை. "பிளாக் பண்ணிட்டாங்க ஆயா" என்று என் பேத்தி ஐஸ்வர்யா சொன்னாள். ரூம் எடுக்கும்போது மாரி கொடுத்த ஆதார் ஜெராக்ஸ் என் பீரோவில் இருந்தது. அதைப் பார்த்து விலாசம் எழுதியிருக்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வாசலில் நாம் பேசிக்கொண்டதைப் பற்றி இப்போது எழுதவில்லை. "ஒரு வருஷமா புள்ளைய எட்டிப் பாக்காதவ, இன்னாத்துக்கு இப்ப வந்து கத்துற" என்று நான் கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நீங்களும் சும்மா இருக்கவில்லை. அது கிடக்கட்டும்.

அவளை இழுத்துக்கொண்டு போன அவசரத்தில் மாத்திரைப் பையை ரூமிலேயே விட்டுவிட்டீர்கள். அவள் கைப்பையில் ஒரு அட்டை இருந்திருந்தால் உண்டு. மிச்சத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை மாத்திரை தினமும் காலையில், சாப்பிட்ட பிறகு. டாக்டர் சொல்லாமல் அதை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. குறைப்பதென்றாலும் அவர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். மஞ்சள் மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவைதான், ஞாயிற்றுக்கிழமை. தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள், பாருங்கள். அந்த மஞ்சள் மாத்திரை ஓடுகிற வரைக்கும் வயிற்றில் குழந்தை தங்கக் கூடாது. கல்யாணப் பேச்சு ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று. பிரஷர் எங்கே பார்த்தாலும் வலது கையில் பாருங்கள் என்று சொல்லுங்கள். இடது கையை நீட்டவே விடாதீர்கள்.

சோற்றில் உப்பைக் குறையுங்கள்.

மரகதம்

---

கரிசல்பட்டி
சங்கரன்கோவில் வழி
18.7.2023

வீட்டுக்கார அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் பார்சலும் வந்தன. போனில் உங்கள் சத்தத்தைக் கேட்க எனக்கு மனசில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை என்றீர்கள். நான் பீடி சுற்றுகிறவள். அவள் அப்பா போன பிறகு நான் ஒரு நாள் உட்காராவிட்டால் அன்றைக்குச் சுற்று இல்லை, கூலி இல்லை. எட்டிப் பார்க்க எனக்கு ஆசை இல்லையென்றா நினைத்தீர்கள்? தினமும் ராத்திரி போன் பண்ணுவாள். "நல்லா இருக்கேம்மா" என்பாள். கை வலி என்றோ மயக்கம் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. அவளோடு ஒரே சுவரில் இருந்தது நீங்கள். நீங்களாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்து, கார்டியன் என்று கையெழுத்தும் போட்ட பிறகுதானே எனக்குத் தகவல் வந்தது.

நான் அனுப்பிய பிள்ளைக்குக் கன்னத்தில் எலும்பு தெரியும். அன்றைக்கு உங்கள் வாசலில் முகம் ஊதிப்போய் ஒரு பெண் நின்றாள். வேறு யாரோ என்று நினைத்து அவளைத் தாண்டி உள்ளே போனேன். "அம்மா" என்று பின்னாலிருந்து கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. பெற்றவள் நான். அந்த நேரத்தில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை.

இங்கே தெருவில் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். ஒருத்தி வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

எங்கள் வைத்தியரிடம் காட்டினேன். பொம்பளைப் பிள்ளைக்கு இடது கையில்தான் நாடி பார்ப்பார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை மெதுவாக மடியில் வைத்துவிட்டு, "எனக்குப் பிடிபடலம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போ" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே முகம் இப்படி ஆயிற்று?

என் அண்ணன் மகன் தளவாய்க்குத்தான் அவள் என்று சின்னதிலேயே பேச்சு. ஆவணியில் பரிசம் போடுகிறார்கள். இனிமேல் அவளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீங்கள் எழுத வேண்டாம்.

செல்லம்மாள்

---

வல்லம் வடகால்
27.7.2023

செல்லம்மாளுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பிடிக்கவில்லையென்றால் மாரியிடம் கொடுத்துவிடுங்கள், அவள் படிக்கட்டும்.

முகம் ஊதியது நோயால் இல்லை, மாத்திரையால். அதை டாக்டர் முதல் நாளே சொன்னார். மாத்திரை குறையக் குறைய முகம் பழையபடி வந்துவிடும். குழாய் அடைத்துப் போனால் அது திரும்பி வராது.

என்ன குழாய் என்று கேட்பீர்கள். எனக்கும் புரியவில்லை. அந்த டாக்டர் சின்னப் பெண்தான், சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய ரத்தக் குழாய் கிளம்பி, குடையின் பிடி மாதிரி வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவிலிருந்துதான் இரண்டு கைக்கும் தலைக்கும் கிளை பிரிகிறது. மாரிக்கு அந்தப் பெரிய குழாயின் சுவரே வீங்கியிருக்கிறது, பல் ஈறு வீங்குகிற மாதிரி. சுவர் வீங்கினால் உள்ளே வழி குறுகும். இடது கைக்குப் போகிற கிளையில் வழி ஏறக்குறைய இல்லை. தலைக்குப் போகிற ஒன்றிலும் ஆரம்பித்திருக்கிறது.

ஏன் வீங்கியது என்று கேட்டேன். உடம்புக்குள் நோயை அடிப்பதற்கென்று காவல் இருக்கிறதாம். அந்தக் காவல் ஆள் தெரியாமல் சொந்தக் குழாயையே அடிக்கிறதாம். வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். ஒட்டுகிற நோய் இல்லை. சாப்பாட்டாலும் வருவதில்லை, கம்பெனி வேலையாலும் இல்லை. அந்த வெள்ளை மாத்திரை காவலை அடக்கி வைக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அது இரண்டு மடங்காகப் பாயும். உடம்பும் அந்த மாத்திரைக்குப் பழகியிருப்பதால் தாங்காமல் சாய்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் நாலு ரூமுக்கும் ஒரே மோட்டார். ஒரு தடவை கடைசி ரூம் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மோட்டார்தான் போய்விட்டது என்று நான் பெரிய மோட்டாராகப் போட்டேன். அடைப்பு கடைசி ரூம் பைப்பில்தான் இருந்தது. முதல் ரூமில் பைப் வெடித்துச் சுவரெல்லாம் நனைந்தது. மாரியின் உடம்பும் அப்படித்தான். இடது கையில் பிரஷரே இல்லாத மாதிரி காட்டும். நோயைக் கண்டுபிடித்த அன்றைக்கு வலது கையில் இருநூறு.

அவள் வேலையும் உங்களுக்குத் தெரியாது. பஸ் கட்டுகிற கம்பெனி. பஸ்ஸுக்குள் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூரையில் ஒயர் மாட்ட வேண்டும், ஷிப்ட் முழுக்க. இடது கை பாதியிலேயே விழுந்துவிடும். "இன்னாம்மா, மெகந்தி வெச்சிகினு வந்தியா, கை காயலையா" என்று சூப்பர்வைசர் கேட்பானாம். அதைச் சொல்லிச் சிரிப்பாள். உங்களிடம் சொல்லாததை எங்களிடமும் சிரிப்பாகத்தான் சொன்னாள்.

பரிசம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மரகதம்

---

கரிசல்பட்டி
9.9.2023

மரகதம் அம்மாவுக்கு,

மாத்திரையில் கை வைத்துவிட்டேன்.

பரிசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என் மதனி, தளவாயின் அம்மா, வந்து பார்த்தாள். "புள்ள மொகம் பணியாரம் கணக்கா இருக்கே, போட்டோவுக்கு எப்படி நிக்கும்" என்றாள். பத்து நாள்தானே, முகம் கொஞ்சம் வற்றட்டும், அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நானே பையை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். மாரி கேட்டாள். "ஆயா நிறுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்காவளே" என்றாள். நான் அதட்டினேன். பிறகு அவள் கேட்கவில்லை. அவளுக்கும் போட்டோ ஆசை இருந்திருக்கும்.

முகம் வற்றவில்லை. ஆறாம் நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, வாந்தி. வெட்கத்தில் இருக்கிறாள் என்று மதனி கேலி பண்ணினாள். பரிசத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றும்போது எழுந்து நின்றாள், அப்படியே சரிந்தாள். தளவாய்தான் தூக்கிக் கொண்டு ஓடினான். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி இரண்டு நாளில் கண் திறந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இல்லை என்றார்கள். பெரிய டாக்டர் என்னைப் பத்து பேர் முன்னால் வைத்துத் திட்டினார். நின்று வாங்கிக்கொண்டேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை அங்கே காட்டினேன். ஆயா எழுதியது சரி என்றார் ஒரு டாக்டர்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதயமும் கொஞ்சம் தடித்திருக்கிறதாம். பிரஷர் ரொம்ப மாதமாக ஏறி இருந்தால்தான் இப்படி ஆகும் என்றார்கள். இதற்கு முன்னால் என்ன சொல்லி மருந்து கொடுத்தார்கள் என்று மாரியைக் கேட்டார்கள். "லோ பிபின்னு சொன்னாங்க, ஆயா தெனம் உப்பு மோர் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அது என்ன உப்பு மோர்?

செல்லம்மாள்

---

வல்லம் வடகால்
18.9.2023

செல்லம்மாளுக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

கம்பெனியில் முதலுதவி ரூம் ஒன்று இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று போனால் பிரஷர் பார்ப்பார்கள். அங்கே ஒரு பழக்கம். வலது கையால் ரெஜிஸ்டரில் பெயர், டோக்கன் நம்பர், நேரம் எல்லாம் எழுதிக்கொண்டே இடது கையை நீட்ட வேண்டும். அப்போதுதான் சீக்கிரம் லைனுக்குத் திரும்ப முடியும். ஷிப்டில் இருக்கிற அத்தனை பெண்களும் அப்படித்தான். மாரிக்கு ஒவ்வொரு தடவையும் எண்பது, எழுபத்தைந்து. போன நவம்பரில் 'லோ பிபி' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். என் ஓரகத்திக்கு லோ பிபி இருந்தது. உப்பு கொடுத்துத்தான் தேற்றினோம். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். தினமும் காலையில் ஒரு சொம்பு மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். டிபன் பாக்ஸில் ஊறுகாய் வைத்தேன். சாயங்காலம் உப்புப் போட்ட எலுமிச்சம் ஜூஸ். "போதும் ஆயா, கடல் தண்ணி மாதிரி கீது" என்று எங்கள் பேச்சிலேயே கேலி பண்ணுவாள். கடைசி மடக்கு வரைக்கும் நான் பக்கத்திலேயே நிற்பேன். தலைவலி என்றாள். இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்தது. பிரஷர் இன்னும் இறங்குகிறது என்று உப்பைக் கூட்டினேன். ஏழு மாதம். பக்கத்து வீட்டு அம்சவல்லியிடம், என் கைப்பக்குவத்தில்தான் அந்தப் பெண் நடமாடுகிறாள் என்று பெருமை பேசினேன்.

ஜூனில் அவள் இடது கை விரலைத் தகடு கிழித்துவிட்டது. கட்டுப் போட்டிருந்ததால் அன்றைக்கு வலது கையை நீட்டினாள். மிஷின் இருநூறு காட்டியது. மிஷின் கெட்டுவிட்டது என்று வேறொன்று எடுத்து வந்தார்கள். அதிலும் இருநூறு. அதற்குப் பிறகுதான் அந்த நர்ஸ் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் துடிப்பே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சின்ன டாக்டரைத் தனியாகப் பிடித்து உப்பைப் பற்றிக் கேட்டேன். "இந்த நோய் உப்பால வரலம்மா" என்றாள். "ஆனா ஏற்கெனவே ஏறி இருந்த பிரஷருக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தாள்.

நீங்கள் வந்த அன்றைக்கு இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நான் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் நீங்கள் எதையும் கேட்க மாட்டீர்கள் என்றுதான் அப்படிச் சத்தம் போட்டேன். முதல் கடிதத்திலும் உப்பைக் குறையுங்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதி ஒளிந்துகொண்டேன்.

நீங்கள் பத்து நாள் செய்தீர்கள். நான் ஏழு மாதம்.

மரகதம்

---

கரிசல்பட்டி
21.12.2023

மரகதம் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுப் பீடி இலை வைக்கிற சுளவுக்கு அடியில் வைத்தேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போதும் உங்களுக்காக எழுதவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள். காலையில் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. எடு என்றேன், எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தலைக்குப் போகிற குழாயில் வீக்கம் கூடி அடைத்துவிட்டதாம். மாத்திரையை நிறுத்தியதால்தானா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பதிலே போதும்.

வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் இல்லை. ஆனால் நாம் சொல்வது எல்லாம் விளங்குகிறது. இடது கை அசைகிறது, அதில் நாடி இல்லை. வலது கையில் நாடி இருக்கிறது, அது அசையவில்லை. வாரம் ஒரு தடவை சுகாதார நர்ஸ் வந்து செத்துக் கிடக்கிற அந்தக் கையைத் தூக்கித்தான் பிரஷர் பார்க்கிறாள்.

தளவாய் வருகிறான். நடையில் கொஞ்ச நேரம் நிற்கிறான், போகிறான். மதனி வரவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏளா, ஒம் மொகம் வத்தணும்னு மாத்திரைய நிறுத்துனது நாந்தான்" என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும் போல இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரையை விழுங்குவதில்லை. பொடி பண்ணி வாயில் வைத்தால் துப்புகிறாள். இதுவரை இரண்டு மூன்று ஊசி போட்டு ஓட்டியிருக்கிறார்கள். தினமும் ஊசி போட முடியாது, அவள் மனசு வைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

உப்பில்லாத கஞ்சியைத் தள்ளுகிறாள். தள்ளிவிட்டு ஒரு சத்தம் போடுகிறாள். முதலில் எனக்குப் புரியவில்லை. முந்தாநாள்தான் புரிந்தது. 'ஆயா' என்கிறாள். அவள் வாயில் வருவது அந்த ஒன்றுதான். உங்கள் மோரைக் கேட்கிறாள்.

அவளுக்கு உப்பைப் பற்றி எதுவும் தெரியாது. நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கை நான் சொன்னால் அது கோள் சொல்வது. சொல்லாமல் உங்கள் பெயரைச் சொல்லி மாத்திரை கொடுக்கலாம், ஒருவேளை விழுங்குவாள். ஆனால் நாளைக்கு யாராவது வந்து சொன்னால் அப்புறம் இந்த உலகத்தில் யார் கொடுத்தாலும் விழுங்க மாட்டாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே அவளுக்கு எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன். போன் வேண்டாம். போனில் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், அவளுக்கு ஒன்றும் காதில் விழாது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என்னையே இன்னும் முடியவில்லை.

செல்லம்மாள்

---

வல்லம் வடகால்
27.12.2023

மாரி,

ஆயா எழுதுகிறேன். உன் அம்மா படிப்பாள். அவள் எங்கேயாவது பாதியில் நிறுத்தினால் நீ பொறுத்துக்கொள்.

உனக்கு லோ பிபி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. உன் இடது கைக்கு ரத்தம் போகவில்லை, அதனால் மிஷின் அப்படிக் காட்டியது. மிச்ச உடம்பு முழுக்கப் பிரஷர் ஏறிக்கொண்டே இருந்தது. அது தெரியாமல் ஏழு மாதம் உனக்கு உப்பு கொடுத்தது நான். போதும் போதும் என்று நீ சொன்னாய். உன் நாக்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மூக்கில் ரத்தம் வந்த அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரில் இன்னொரு சொம்பு கலக்கினேன்.

நோய் உப்பால் வரவில்லை என்று டாக்டர் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் பத்து நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஆயா இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்" என்று நர்ஸிடம் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்கலாம். நீ என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு வேண்டியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இனிமேல் மோர் கேட்காதே. கேட்டாலும் உப்பு போட்டுத் தர மாட்டார்கள். கஞ்சி சப்பென்றுதான் இருக்கும். அதைத்தான் குடிக்க வேண்டும்.

உன் அம்மா பத்து நாள் ஒரு தப்பு பண்ணினாள். அதை உன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். எனக்கு அந்தத் தைரியம் வர இத்தனை மாதம் ஆயிற்று, அதுவும் கடிதத்தில்தான். நீ துப்ப வேண்டியது அவள் மேல் இல்லை. பொங்கல் முடிந்ததும் ஐஸ்வர்யா என்னைக் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறாள். உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள். கதவைச் சாத்தச் சொல்லு. நான் வெளியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கை வருமா, பேச்சு வருமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனி எதையும் சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் சொன்னது மட்டும் தெரியும். வீக்கத்தை அடக்கி வைத்தால் மிச்சமிருக்கிற குழாய்கள் மிச்சமிருக்கும். இத்தனையும் செய்த நாங்கள் இரண்டு பேரும் கிழடுகள். நீ விழுங்குவதால் எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, துப்புவதாலும் இல்லை. அது உன்னுடைய மாத்திரை, மாரி.

செல்லம்மா, படித்தது போதும். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள்.

மரகதம்